காது கேட்காதது எனக்கா, அலமாரிக்கா?

ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் எனக்குக் காது கேட்காது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் நம்பினேன். வயது எழுபத்தைந்தை நெருங்கினால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட வேண்டியதுதானே! டிவியில் செய்தி ஓடும். வாசிப்பவர் வாயசைப்பார். எனக்குக் கேட்பதெல்லாம் "உம்... உம்..." என்று ஒரு முழக்கம். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். முழக்கம்தான் கூடும், வார்த்தை வராது. உள்ளறையிலிருந்து என் மனைவி, "ஏங்க, தெருக்கோடி வரைக்கும் கேக்குது, கொறைங்க" என்பாள். குறைப்பேன். கடைசியில் டிவியைக் கேட்பதை விட்டுவிட்டு, கீழே ஓடும் எழுத்துகளைப் படிப்பவனாக ஆகிவிட்டேன்.

இந்தக் கதையின் முடிச்சு 2023 டிசம்பரில் அவிழ்ந்தது. மிக்ஜாம் புயல் மழை. நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரம், முடிச்சூர் சாலைப் பக்கம். மழை என்றால் எங்களுக்கு அது வெறும் மழை இல்லை. ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, அடையாற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதெல்லாம் எங்கள் வாசற்படி சம்பந்தப்பட்ட சங்கதி. டிவியில் அதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தார்கள். எத்தனை கன அடி என்று சொன்னார்கள்? எந்த ஏரி என்றார்கள்? ஒன்றும் பிடிபடவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் சரியாகப் புரியவில்லை. அதற்குள் மின்சாரம் போய்விட்டது.

பரணிலிருந்து பழைய பேட்டரி ரேடியோவை இறக்கினேன். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுதான் இருக்கும். ஜன்னல் ஓரம் வைத்துத் திருகினேன். வானொலிச் செய்தி வந்தது. ஒவ்வொரு வார்த்தையும், ஒவ்வொரு எண்ணும், ஊர்ப் பெயரும் மணி அடித்த மாதிரி என் காதில் விழுந்தன. அந்த இருட்டில் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். சில நூறு ரூபாய் ரேடியோ பேசுவது புரிகிறது, பல ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர் பேசுவது புரியவில்லை என்றால் பழுது என் காதில் மட்டும் இருக்க முடியாது அல்லவா?

பழுது அலமாரியில் இருந்தது. அதைப் பற்றிச் சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அலமாரி வந்த கதை. 1986இல் ஆபீஸ் கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டினோம். அந்தக் காலத்துத் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை வீடுகளில் கூடத்துச் சுவரிலேயே பள்ளம் விட்டு, கடப்பா கல் பலகை பதித்து, அலமாரி வைத்து விடுவார் மேஸ்திரி. முன்னால் கண்ணாடி போட்டால் அது 'ஷோகேஸ்'. ரேடியோவும், பிறகு டூ-இன்-ஒன்னும் அங்கேதான் குடியிருந்தன. 2009இல் ஓய்வு பெற்றபோது, வந்த பணத்தில் என் ஒரே ஊதாரித்தனமாக, தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கினேன். மார்கழிக் கச்சேரிகளை வீட்டில் உட்கார்ந்தே கேட்கும் ஆசை.

2015 டிசம்பர் முதல் தேதி. மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். கூடத்தில் மூன்றடித் தண்ணீர். நாங்கள் மொட்டை மாடியில். தண்ணீர் வடிந்து இறங்கி வந்து பார்த்தால், ஸ்பீக்கர் பெட்டிகளின் மரத்தூள் பலகை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: விலையுள்ள எதுவும் தரையில் இருக்கக் கூடாது. எல்லாம் மேலே ஏற வேண்டும்.

அதனால் 2022இல் பெங்களூரிலிருந்து என் பையன் வந்து, "அப்பா, ஹாலை மாத்திடலாம்" என்றபோது நான் மறுக்கவில்லை. உள் அலங்காரக்காரர்கள் வந்தார்கள். சுவர் முழுக்க பிளைவுட், மேலே மைக்கா, நடுவில் டிவி. டிவிக்கு மேலே இரண்டு பக்கமும் ஸ்பீக்கருக்கென்று இரண்டு பொந்து. ஒவ்வொன்றும் பதினாலு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம், பதினாறு அங்குல ஆழம். முகப்பில் பூ வேலைப்பாடு செய்த மர ஜாலி. பெட்டி உள்ளே போனது, ஜாலி மூடியது. பார்ப்பவர்கள் எல்லோரும் "ஸ்பீக்கர் எங்கே இருக்குன்னே தெரியலையே!" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

நான் பாண்டிச்சேரியில் பிறந்தவன். பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. கொடி இறங்கினாலும் என் பள்ளிக்கூடம் பிரெஞ்சிலேயே ஓடியது. அந்தப் படிப்பு குமாஸ்தா வேலைக்கு எனக்கு அதிகம் உதவவில்லை. ஆனால் இந்த ஸ்பீக்கர் வழக்கில் இரண்டு சாட்சிகளைத் தந்திருக்கிறது.

முதல் சாட்சி ஒரு சொல். ஸ்பீக்கர் பெட்டியைப் பிரெஞ்சில் 'ஆன்சேந்த்' என்பார்கள். கோட்டையைச் சுற்றிய மதிலுக்கும் அதே சொல்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே சொல்தான்! வகுப்பில் அப்போது சிரித்தோம். இப்போது யோசித்தால் பொருத்தமாக இருக்கிறது. ஸ்பீக்கர் என்பது உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு மட்டும் இல்லை. அதைச் சூழ்ந்த பெட்டியும், பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்ததுதான் ஸ்பீக்கர். செய்தவர்கள் அந்தக் காற்றைக் கணக்குப் போட்டு அளந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு போய் இன்னொரு பெட்டிக்குள் திணித்தால் அந்தக் கணக்கு கெடுகிறது.

எப்படிக் கெடுகிறது? காலிப் பானைக்குள் முகத்தை விட்டுப் பேசிப் பாருங்கள். பானை தனக்குப் பிடித்த ஒரு சுருதியை மட்டும் பெரிதாக்கித் திருப்பித் தரும். அலமாரிப் பொந்தும் பானைதான். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்த, ஓரடி ஆழப் பொந்து ஏறக்குறைய 280 அதிர்வில் முழங்கும். ஆழம் கூடினால் சுருதி இன்னும் கீழே இறங்கும். ஆண்குரலின் அடி ஒலி 100 முதல் 150 அதிர்வு. அதற்கு மேலே குரலின் கனம் உட்காரும் இடத்தில்தான் அலமாரி தன் பங்குக்குக் கூடச் சேர்ந்து பாடுகிறது. அது போதாதென்று, சுவரோடு ஒட்டிய பெட்டியில் கீழ் ஒலி இயல்பாகவே கூடும். கணக்குப்படி 6 டெசிபல் வரை, அதாவது அழுத்தத்தில் இரண்டு மடங்கு.

இரண்டாவது சாட்சி எங்கள் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பாடம். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் நடுவில் ஒரு 'ஸ்' ஒலியின் வித்தியாசம்தான். சத்தமில்லாத 'ஸ்' என்றால் மீன், கரகரத்த 'ஸ்' என்றால் விஷம். கடைசி பெஞ்சில் எதிரொலியில் உட்கார்ந்திருந்த நான், ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு விஷம் சமைத்ததாக எழுதிப் பிரம்படி வாங்கினேன். வார்த்தையின் உயிர் மெய்யெழுத்தில் இருக்கிறது என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும். தமிழில் மட்டும் என்ன? 'பதினைந்து' என்பதற்கும் 'பதினெட்டு' என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்? 'திறக்கப்படும்' என்பதற்கும் 'திறக்கப்படாது' என்பதற்கும்? எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்ற கேள்வி.

ச, த, ப, ட, ஸ் போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 2000 அதிர்வுக்கு மேலே இருக்கிறது. வயதானால் நம் காது முதலில் இழப்பது அந்த மேல் ஒலிகளைத்தான். நானும் பரிசோதனை செய்து கொண்டேன். இரண்டு காதிலும் மேல் ஒலி குறைந்திருக்கிறது. மறைக்கவில்லை. ஆக, நமக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச மேல் ஒலியை மர ஜாலி வழிமறிக்கிறது. பொந்தின் முழக்கம் அதை மூடுகிறது. கீழ் ஒலி பெருத்தால் மேல் ஒலி அமுங்கிப் போகும் என்பது காதின் சுபாவம். சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்துதான் கூடும். இளைஞர்கள் இதைச் சமாளித்து விடுகிறார்கள். அவர்களுக்கு மூளை விடுபட்டதை நிரப்பிக் கொடுக்கிறது. நமக்கு வார்த்தை போய்விடுகிறது. உடனே தீர்ப்பு: "அப்பாவுக்குக் காது மந்தம்."

இதுதான் என் குற்றச்சாட்டு. கூடத்தை அலங்கரிக்கிறவர்கள் கண்ணுக்காக மட்டும் அலங்கரிக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது யார்? வேலைக்குப் போகிற பையனா? பள்ளிக்கூடம் போகிற பேரனா? நாம்தான். நமக்குச் செய்தி, பாட்டு, பிரசங்கம், எல்லாம் அந்தப் பொந்திலிருந்துதான் வர வேண்டும். ஆனால் வரைபடம் போடும்போது நம்மைக் கேட்ட ஒரே கேள்வி, "மைக்கா என்ன கலர், சார்?"

கடைக்காரர்களையும் விடப் போவதில்லை. அலமாரி என்று சொன்னதும் 'புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்று ஒன்றை எடுத்து வைப்பார்கள். புத்தக அலமாரியில் வைப்பதற்கென்றே பெயர் இருக்கிறதே என்று நாமும் வாங்கிவிடுவோம். அந்தப் பெயர் அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். அவற்றில் பலவற்றுக்கு முதுகில் ஒரு குழாய் ஓட்டை இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று அதன் வழியாக மூச்சு விட்டுக் கீழ் ஒலியைக் கூட்டித் தரும். பின்னால் இடம் விடுங்கள் என்று கூட வரும் கையேட்டிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். விற்பவர் படிப்பதில்லை, வாங்குபவர் பிரிப்பதில்லை. நானும் பிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளை முதல் பக்கத்திலிருந்து படித்தவன், எட்டுப் பக்கக் கையேட்டைப் படிக்காமல் பரணில் போட்டேன். அந்தப் பழி என்மேல்தான்.

அடுத்தது வாட் கணக்கு. அட்டைப் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். அதற்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட எண்ணைப் பாருங்கள். அதையும் பெரிதாக எடுத்துக் கொள்ளாதீர்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் செய்தி கேட்க இருபது முப்பது வாட் தாராளம். தனியாக ஒரு பெரிய கீழ் ஒலிப் பெட்டியைச் சேர்த்து விற்பார்கள். அதை மூலையில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை வரும், வசனம் மட்டும் வராது.

இடுக்கான இடத்தில் நல்ல ஒலி சாத்தியமே இல்லையா? சாத்தியம்தான். அதற்கும் சாட்சி உண்டு. 1970களில் பி.பி.சி. பொறியாளர்களுக்கு இதே தொல்லை இருந்தது. வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும்போது ஒரு வேனுக்குள் உட்கார்ந்து ஒலியைச் சோதிக்க வேண்டும். வேனுக்குள் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. அவர்கள் தமக்கென்று வடிவமைத்த பெட்டிதான் 'எல்.எஸ். 3/5ஏ'. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. முதுகில் ஓட்டை கிடையாது, முழுக்க மூடிய பெட்டி. அடி ஒலி குறைவுதான். மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்க வேண்டும் என்பதில்தான் கவனம் வைத்தார்கள். அதன் பேர் இன்றும் நிற்கிறது. அதையே வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை, விலை நம் ஓய்வூதியத்துக்கு ஒத்து வராது. இடம் குறுகும்போது எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்த விதத்தைச் சொல்கிறேன். அதிர்வை விட்டார்கள், பேச்சைக் காப்பாற்றினார்கள். எங்கள் வீட்டில் பேச்சை விட்டுவிட்டு ஜாலியைக் காப்பாற்றினோம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். புதிதாக வாங்குபவர்கள் முதலில் பொந்தை அளந்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். முழுக்க மூடிய பெட்டி கிடைத்தால் அது உத்தமம். இல்லாவிட்டால் ஓட்டை முன்பக்கம் இருப்பதாகப் பாருங்கள். பெட்டி பொந்தைவிட ஓரிரு அங்குலம் சிறியதாக இருக்கட்டும். பெட்டியின் முகம் அலமாரியின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும், உள்ளே ஒதுங்கக் கூடாது. உள்ளே தள்ளினால் பக்கப் பலகைகள் குரலை வாங்கிச் சிதறடிக்கும். கண்ணாடிக் கதவு இருந்தால் கழற்றி விடுங்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் மூடிய இடத்தில் வைக்காதீர்கள், அது சூடாகும், அதற்குக் காற்று வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக் கொண்டவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். ஆசாரியை வரவழைத்து ஜாலியைக் கழற்றினேன். அவர், "நல்லா இருந்துச்சே சார்" என்று வருத்தப்பட்டார். பெட்டியை விளிம்புக்கு இழுத்து வைத்தேன். முதுகு ஓட்டையில் சுருட்டிய ஸ்பாஞ்சைச் செருகினேன். பின்னாலும் பக்கத்திலும் இருந்த வெற்றிடத்தை மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சு வெட்டி அடைத்தேன். அடியில் ரப்பர் துண்டு. பொந்து தலைக்கு மேலே இருந்ததால், பெட்டியின் பின்பக்கம் ஒரு மரக்கட்டை கொடுத்து, முகம் நாற்காலியைப் பார்க்கும்படி சாய்த்தேன். மேல் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராகத்தான் போகும். வீட்டில் குழந்தைகள் உண்டு, பெட்டி விழக் கூடாது என்று ஒரு பட்டையால் கட்டினேன். டிவியில் கீழ் ஒலியைக் குறைத்தேன். ஆசாரி கூலியை விட்டால் மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

அன்று இரவுச் செய்தி புரிந்தது. எல்லாமே புரிந்தது என்று பெருமையடிக்க மாட்டேன். வேகமாகப் பேசும் விவாதங்கள் இன்னும் பிடிபடுவதில்லை, அவை யாருக்குப் பிடிபடுகின்றன என்றும் தெரியவில்லை. ஆனால் ஊர்ப் பெயர் தெரிகிறது, எண் தெரிகிறது. சத்தம் முன்பு வைத்ததில் பாதிதான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். என் மருமகள் விடுமுறைக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "மாமா, ஸ்பாஞ்செல்லாம் வெளிய தெரியுது, யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம். செலவழித்தது அவர்கள் பணம், சுத்தமான கூடம் வேண்டும் என்று நினைப்பதில் குற்றமில்லை. தூசு, ஒயர், பேரன் கை, எல்லாம் உண்மையான தொல்லைகள்தான். அதனால் ஜாலி இருந்த இடத்தில் மரச் சட்டம் போட்டு மெல்லிய துணி கட்டச் சொன்னேன். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள், மூச்சு தடையில்லாமல் போனால் பெரும்பாலும் ஒலியும் போகும். துணியின் நிறத்தை மருமகளே தேர்ந்தெடுத்தாள். கூடம் இப்போதும் பார்வையாகத்தான் இருக்கிறது.

பையன், "ஹியரிங் எய்ட் வெச்சுக்கோங்கப்பா, இவ்ளோ பாடு எதுக்கு?" என்றான். பரிசோதனை செய்து கொள்வதும், வேண்டுமென்றால் கருவி மாட்டுவதும் நல்லதுதான், கண்ணாடி போடுவதற்கு வெட்கப்பட்டோமா? ஆனால் முழக்கத்தை அனுப்பினால் கருவியும் முழக்கத்தைத்தான் காதுக்குள் கொண்டு வரும். இரண்டையும் சரி செய்ய வேண்டும். முதலில் மலிவானதைச் சரி செய்வது கணக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் டிவி அருகே யாராவது ஒரு பெரியவர் பேசாமல் உட்கார்ந்து வெறும் படம் பார்த்துக் கொண்டிருக்கலாம். அவருக்குக் காது போய்விட்டது என்று எழுதி வைப்பதற்கு முன்னால், அலமாரியிலிருந்து ஸ்பீக்கரை வெளியே எடுத்து, கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்து, செய்தியைப் போடுங்கள். பத்து நிமிஷம் ஆகும். பிறகு அவரிடம், என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்து, வைத்தியம் காதுக்கா அலமாரிக்கா என்று முடிவு செய்யலாம்.

பேட்டரி ரேடியோவை நான் மறுபடி பரணில் போடவில்லை. ஜன்னல் ஓரத்திலேயே இருக்கிறது. மழைக்காலம் ஒவ்வொரு வருஷமும் வருகிறதே.